குதித்த லொறியும் ஆற்றங்கரைச் சிவப்புத் துணிகளும்

என் அன்புள்ள சாபிர் நானா,

உங்களுக்கு என் சலாம். நேரில் சொன்னால் என் உச்சரிப்பைக் கேட்டு, "இன்னொருக்கா சொல்லுங்க சேர்வேயர், நல்லா ஈக்கிது" என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன மாதமே, பள்ளிவாசல் மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விட்டேன். கூடச் சொல்லிவிடுவேனோ, குறையச் சொல்லிவிடுவேனோ என்று யோசித்தே ஒவ்வொரு முறையும் பேனையை மூடினேன். இப்போது எழுத வைத்தது உங்கள் மகன் இர்ஷாத். அவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருக்கிறார் நானா. அதைச் சொல்லும் முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் கெலிஓயாவில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, நில அளவையாளனாகக் கண்டிக்கு மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்ற பின்னும் பேராதனையிலேயே தங்கிவிட்டவன். வயதில் நான்தான் மூத்தவன். ஊர் முழுக்க உங்களை அண்ணன் என்ற பொருளில் நானா என்றது, நானும் அப்படியே பழகிவிட்டேன். "வயசு ஒங்களுக்குக் கூட, பயமும் ஒங்களுக்குக் கூட. அப்ப நான்தானே நானா" என்பீர்கள்.

போரின் கடைசி வருடங்கள் அவை. உங்கள் மச்சான் சவூதியிலிருந்து வரும்போது அந்த லொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஆட்டுக்குட்டி அளவில் ஒன்று இருந்தது. புல் வெட்டும் மெஷினில் இருப்பது போன்ற பெற்றோல் எஞ்சின், முரட்டு ரயர்கள், தனியாக ஒரு ரிமோட், அதில் இழுத்து நீட்டும் ஏரியல். கடைக்குள்ளேயே நீங்கள் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததும், பிரேக் எண்ணெய் வாங்க வந்த மனுசன் எண்ணெயையும் விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். அந்தக் காலத்தில் சத்தம் என்றால் எல்லோருக்கும் குண்டு என்ற ஒரே நினைப்புத்தான்.

பிறகு ஞாயிறுதோறும் மகாவலிக் கரையில், மணல் அள்ளிக் குவித்திருக்கும் இடத்துக்குப் போனோம். குதிக்க விடுவது நீங்கள், பிறகு குனிந்து பார்ப்பது நான். மணல் மேட்டில் முழு வேகத்தில் ஏற்றி ஆகாயத்தில் விடுவீர்கள். அது விழும் சத்தம் என் முதுகெலும்பில் கேட்கும்.

"விழுந்தா என்ன? அதுக்குத்தானே ஒங்களைக் கூட்டி வந்த!"

"நானா, ஒருக்காவாவது மெல்ல விடுங்கோவன்."

"மெல்லப் போறதுக்கு மாட்டு வண்டி வாங்கி ஈப்பேனே."

உங்களுக்குப் பொறுமையில்லாத வேலை என் வேலை. கடுமையாகக் குதித்த லொறியை அப்படியே மறுபடி ஓட விடக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, லொறியைக் கட்டை மேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அச்சு வளைந்திருந்தால் சக்கரம் ஒரு இடத்தில் தயங்கும். ஷொக் அப்சோபரில் எண்ணெய் ஒழுகுகிறதா, சக்கரத்தைத் திருப்பும் தண்டு கழன்றதா, ரிமோட்டின் சொல்லை வாங்கும் ரிசீவருக்குப் போகும் வயர்கள் தளர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாகத் தூரச் சோதனை. ஒருவர் ஏரியலை நீட்டாமல் ரிமோட்டோடு நடந்து போய், இடையிடையே நின்று சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மற்றவர் லொறிக்குப் பக்கத்தில் இருந்து, திரும்புகிறதா என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குதிக்க முன்னர் லொறி சொல் கேட்ட தூரம் வரை பிறகும் கேட்டால் உள்ளே பழுதில்லை. கேட்காத லொறியை ஓட விட்டால் அது யார் சொல்லையும் கேட்காமல் ஆற்றுக்குள்ளேயோ ஆட்களுக்குள்ளேயோ போய்விடும்.

அந்தத் தூரங்களைக் காட்ட நான் தடிகள் நட்டேன். அளவையாளனின் பழக்கம், தடி நட்டால் அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டாமல் எனக்குக் கை ஓயாது. லொறியின் ஒவ்வொரு ஆணியையும் யோசித்தவன் நான். பாலத்துக்குக் கிட்ட, ஆற்றங்கரையில், வரிசையாகச் சிவப்புத் துணிகள் பறந்தால் அந்த நாட்களில் பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பாலத்துக் காவலில் இருந்த பொலிஸ்காரர்களிடம் நீங்கள் முன்பே சொல்லி வைத்திருந்தீர்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கிழமை காவல் மாறியிருந்தது.

ஒரு பெரிய குதிப்புக்குப் பிறகு லொறி அசையாமல் கிடந்தது. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது பாலத்துக் காவல் சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரரும் துவக்கோடு நின்றார்கள். சார்ஜன் என் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடத்தை வாசித்தார். தடிகளைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். கடைசியாக என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். காணி வழக்குகளில் நீதவான் முன்னால் பேசியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

நீங்கள் முன்னால் வந்தீர்கள். கடை, மச்சான், சவூதி, லொறி எல்லாவற்றையும் சொன்னீர்கள். சார்ஜன் கேட்டுவிட்டு, "முதலாளி, உங்களால் எங்களுக்குப் பிரச்சினையில்லை, நீங்கள் போகலாம். இவரைத்தான் விசாரிக்க வேண்டும்" என்றார்.

நானா, நான் இன்றுவரை உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த நேரம் நான் மனதுக்குள், "போங்கோ நானா, போய் வீட்டில் சொல்லுங்கோ" என்றுதான் நினைத்தேன். நீங்கள் போவதில் ஒரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்களைத் தேடி அலைந்த குடும்பங்களை இருவருக்கும் தெரியும். கடை, மனைவி, பிள்ளை என்று உங்களுக்கும் இருந்ததே.

நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தீர்கள்.

"சார்ஜன் மாத்தயா, லொறி என்ட, ரிமோட் என்ட. இந்த மனுசன் எனக்குச் சம்பளமில்லாத மெக்கானிக். கூட்டிப் போறதெண்டா ரெண்டு பேரையும் கூட்டிப் போங்க. ஆனா ஜீப்பில லொறியை மேல வையுங்க, ஷொக் பழுது."

அதைச் சிங்களத்தில்தான் சொன்னீர்கள். என் காதில் இன்றும் உங்கள் கெலிஓயாத் தமிழில்தான் கேட்கிறது. இளைய பொலிஸ்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். சார்ஜன் சிரிக்கவில்லை.

"விளையாட்டு லொறி என்றால் ஓட்டிக் காட்டுங்கள்" என்றார்.

ஓடாமல் கிடக்கிற லொறியை எப்படி ஓட்டிக் காட்டுவது? நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "சேர்வேயர், ஒங்கட வழக்கப்படி செய்ங்க. ஒண்டையும் விடாதீங்க. அவங்க நிக்கட்டும், வெயில்தானே."

நான் மணலில் முழங்கால் போட்டேன். முதல் ஆணியே நழுவிக் கீழே விழுந்தது. மணலுக்குள் அதைத் தேடினேன். பொலிஸ்காரரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அவரே குனிந்து எடுத்துத் தந்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. சக்கரங்களைச் சுற்றினேன். திருப்பும் தண்டு கழன்றிருந்தது, குறட்டால் அழுத்தி மாட்டினேன். ஆனாலும் ரிமோட்டுக்கு அசைவில்லை. அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்க வேண்டும் போல இருந்தது. நீங்கள், "வயர் பாத்தீங்களா?" என்று கூடக் கேட்கவில்லை. வழக்கப்படி நான் அங்கேதான் வருவேன் என்று உங்களுக்குத் தெரியும். ரிசீவர் பெட்டியைத் திறந்தால், பற்றரியின் பிளக் பாதி வெளியே வந்திருந்தது. அழுத்தினேன். முன் சக்கரம் ஒரு தரம் துடித்தது.

சார்ஜன் பின்னால் ஓரடி வைத்தார்.

"இன்னும் தூரம் பார்க்க வேண்டும்" என்றேன். சிங்களத்தில் வந்த முதல் வசனம் அதுதான். ரிமோட்டோடு தடிகள் வரை நடக்க வேண்டும் என்று விளக்கினேன். "நீங்கள் நடக்கத் தேவையில்லை" என்று சார்ஜன் ரிமோட்டை இளைய பொலிஸ்காரரிடம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பிள்ளை அதைக் குண்டைப் பிடிப்பது போலப் பிடித்தது. "ஒண்டும் செய்யாது தம்பி, கடிக்காது" என்று நீங்கள் சொல்ல, முதல் சிவப்புத் துணி வரை போய் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திருப்பியது.

சக்கரம் திரும்பியது. நான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குரல் வரவில்லை. அந்தப் பிள்ளை கை விரித்து, என்ன என்று கேட்டது. பிறகு, சிங்களத்தில் சரி என்னும் சொல் வந்தது: "ஹரி!"

அடுத்த தடி. "ஹரி!" அதற்கடுத்தது. "ஹரி!" என் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். கடைசித் தடியிலும் திரும்பியபோது, சார்ஜன் தடிகளின் வரிசையை மறுபடி பார்த்தார். இந்த முறை வேறு விதமாகப் பார்த்தார். அந்தத் துணிகள் எதற்கென்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய ஆளே நடந்து காட்டிவிட்டான்.

பிறகு நீங்கள் கயிற்றை இழுத்து, லொறியை மணல் மேட்டில் ஏற்றி விட்டீர்கள். மெல்ல விட்டிருக்கலாம். விடவில்லை. அது தலைக்கு மேலே போய் விழுந்தபோது மூன்று பேரும் சேர்ந்து "அம்மோ!" என்றார்கள். சார்ஜன் என் அட்டையைத் திருப்பித் தந்து, "ஐயா, சிவப்பைக் கழற்றுங்கள். வேறு நிறம் கட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

இத்தோடு கதை முடிந்ததென்று அன்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. நான் வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டேன். பென்சன் எடுக்கவும் போகவில்லை. நீங்கள் வந்தால் சுகமில்லை என்று சொல்லும்படி மனைவியிடம் சொல்லி வைத்தேன். நீங்கள் வந்தீர்கள். அவவும் சொன்னா.

"சொகமில்லயா? இந்தாளுக்கும்தான் சொகமில்ல" என்று லொறியை எங்கள் முன்னறையில், அவ துடைத்து வைத்த நிலத்தில் இறக்கினீர்கள். "முன் ஷொக் எண்ணெய் ஒழுகுது. நோயாளி ரெண்டு பேரும் ஒரே வார்ட்டில ஈக்கட்டும். தேத்தண்ணி வேணாம் தங்கச்சி, நான் போறன்."

நான் அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். எண்ணெய் சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தது. மனைவி இரண்டு தரம் துடைத்துவிட்டு, "ஒண்டில் அதைத் திருத்துங்கோ, இல்லாட்டி நான் ரோட்டில வைக்கிறன்" என்றா. மத்தியானத்துக்குப் பிறகு திருத்தினேன். திருத்தினால் சோதிக்க வேண்டும். சோதிக்க வெளியே போக வேண்டும். ஞாயிறு காலை நீங்கள் பழைய சாரத்தைக் கிழித்த நீலத் துணிகளோடு வாசலில் நின்றீர்கள். சுகமா என்று கேட்கவில்லை. "ஏறுங்க, வெயில் வந்திரும்" என்றீர்கள். பாலத்தைக் கடக்கும்போது என் கை லொறியை இறுக்கிப் பிடித்திருந்தது. நீங்கள் கடைச் சாமான் ஏற்றும் உங்கள் கதவில்லாத வானை ஓட்டிக்கொண்டு, பெற்றோல் தரம் கெட்டுப்போனதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தீர்கள். நன்றி என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? தெரியாது. இப்போது சொல்கிறேன்.

இனி இர்ஷாத். திகனப் பக்கம் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்த அந்தக் கிழமையை நீங்கள் காணவில்லை. அதற்கு மட்டும் நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். கெலிஓயாவில் உங்கள் கடைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இழுத்த கதவை இர்ஷாத் இன்னும் தூக்கவில்லை. ஊர் திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது, பக்கத்துக் கடைச் சிங்களவர் இரண்டு முறை வந்து கூப்பிட்டாராம். கடையைக் கைமாற்றிவிட்டுக் கொழும்புக்குப் போகப் போவதாகச் சொல்கிறார்.

போன வெள்ளி அவரைப் பார்க்கப் போனேன். மருமகள் கதவைத் திறந்து, "அவருக்குச் சொகமில்ல அங்கிள்" என்றா. உள்ளே கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவரே வந்தார்.

"அங்கிள், நீங்க இங்க வந்து போகாதீங்க. யாராச்சும் பாத்தா ஒங்களுக்கும் பிரச்சின. ஒங்களுக்கு ஏன்?"

எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தும், வீடு வரும்வரை வரவில்லை. உங்களுக்கு எப்படி உடனே வந்தது நானா? அல்லது நீங்களும் பயந்துகொண்டுதான் மணலில் உட்கார்ந்தீர்களா?

நேற்று இர்ஷாதுக்கு ஃபோன் செய்தேன். "திங்கள் காலை கடைக்கு வாறன், எனக்கொரு ஸ்பார்க் பிளக் வேணும்" என்றேன். அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த வண்டிக்கு?" என்று கேட்டார். கடைக்காரனின் கேள்விதானே அது. எனக்கு அது போதும்.

திங்கள் காலை நான் அங்கே நிற்பேன் நானா. பயப்படாமல் நிற்பேன் என்று உங்களுக்கு வாக்குத் தர எனக்குத் துணிவில்லை. நிற்பேன் என்று மட்டும் வாக்குத் தருகிறேன். கதவின் ஒரு பக்கத்தை அவர் தூக்கினால் மறு பக்கத்தை நான் பிடிப்பேன். அவர் தூக்காவிட்டால் செவ்வாயும் வருவேன்.

உங்கள் தம்பி,
சிவபாலன்
பேராதனை