ஆற்றங்கரை மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவே

திருக்காட்டுப்பள்ளியில் வாய்க்கால் தூர் வாருகிறார்கள். இன்று காலை பொக்லைன் பல்லில் ஆரஞ்சுக் குழாய் ஒன்று கிழிந்து தொங்கியது. யாரோ பதித்த ஃபைபர் கேபிள். அந்த ஈரச் சேற்று வாடையில் அன்றைய உன் குரல்தான் என் காதில் கேட்டது: "வருஷா வருஷம் தோண்டுற கரையில கேபிள் புதைக்கச் சொல்றான் பாரு, இன்ஜினியராம்!"

அன்று நீ சொன்ன இன்ஜினியர் நான்தான்டா.

நாம் கூட்டாக எடுக்கப்போன முதல் பெரிய வேலை. ஆற்றங்கரையில் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பி.எல்.சி. என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, குடிநீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்க்கும் பி.எல்.சி. இன்னொன்று. தொட்டி நிரம்பியதை மோட்டாருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எந்த வழியாக என்பதில்தான் சண்டை. நான் கேபிள் என்றேன், நீ ரேடியோ என்றாய். "அறுத்துப் போட்ட வயல்ல சிக்னல் யாருக்கும் வரும்டா, மூங்கில் வளந்து மறைச்சா?" என்று இடித்தேன். உடனே நீ நடுவழியில் இருந்த மூங்கில் தோப்புக்காரரிடம் போய், "இது எவ்வளவு உசரம் வளருங்க?" என்று விசாரித்தாய். அவர் மிரண்டுவிட்டார். "ஏன் தம்பி, ரோடு போட நிலத்தைப் புடுங்கப் போறீங்களா?" அவர் காட்டிய உயரத்துக்கு மேலே ஆன்டெனாவைக் கணக்கிட்டாய். நான் தோற்றேன்.

இந்த வேலை கிடைத்தால் அடுத்த தொட்டிகளும் நமக்கு. கிடைக்காவிட்டால் நீ மஸ்கட் போவதென்று உன் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

வேலையைக் கொடுக்கவிருந்த கான்ட்ராக்டர் கேட்டார்: "எதுக்குத் தம்பி கம்பம், ஆன்டெனா? சிம் கார்டு போட்டா முடிஞ்சுது."

"புயல்ல கரண்ட் போனா டவரும் போயிடும் சார். இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினேன். மேசைக்கடியில் என் காலை மிதித்தாய். வெளியே வந்ததும், "நீ மெதுவா பேசியிருந்தாலும் அவரு சிம்முதான் போட்டிருப்பாரு மாப்ள" என்றாய். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேலை கிடைக்கவில்லை, நீ மஸ்கட் போனாய். அங்கே வேலையிடத்திலேயே நெஞ்சுவலி. பெட்டியில்தான் ஊர் திரும்பினாய்.

போன மழையில் டவர் செத்தது. மோட்டார் ஓடவில்லை, தொட்டி காய்ந்தது, பெண்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார்கள். இப்போது கான்ட்ராக்டர் கூப்பிட்டு, "அந்த ரேடியோவையே போட்டுடுங்க தம்பி. குடவாசல் பக்கத்துத் தொட்டிகளையும் நீங்களே பாருங்க" என்கிறார். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு "சரிங்க" என்றேன். நீ இங்கேயே இருப்பதற்கு வேண்டியிருந்த வேலை மொத்தமும் இப்போது என் கையில் இருக்கிறது.

கேபிளோ ரேடியோவோ சிம்மோ, எதை எடுத்தாலும் நீ முதலில் கேட்பதையே இப்போது நானும் கேட்கிறேன்: லிங்க் அறுந்தால் மோட்டார் தானாக என்ன செய்யும்? அதற்குப் பதில் எழுதாமல் எந்தப் பெட்டியையும் நான் மூடுவதில்லை.

ரேடியோ சோதனைக்கு இரண்டு முனையிலும் ஆள் நிற்க வேண்டும். நாளைக்கு ஆற்றங்கரையில் நான் நிற்பேன். தொட்டிப் பக்கம் நிற்க இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.