சிவகாமியம்மாள் வலப்பக்கம் திரும்புகிறார்

5 ஜூன் 2006, திங்கள்
இந்த வேலை எனக்கே கிடைத்துவிட்டது! சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை, தைத்த துணிகளை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறது. அங்கு வேலை செய்யும் மூன்று பெண்கள் லேர்னர்ஸ் பரீட்சையில் தேற வேண்டும். சாலை விதிகளைச் செல்போனே கற்றுத்தரும்படி நான் செய்துகொடுக்க வேண்டும். "மூணு பேரும் பாஸானா இன்னும் நாலு எடத்துல குடுக்கலாம் பாகீரதி. இல்லேன்னா இதோட மூடிடலாம், கேட்டியா?" என்றார் எங்கள் கம்பெனி முதலாளி ஹரிநாராயணன் சார்.
கேட்டேன், கேட்டேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

8 ஜூன்
பிரேமாவுக்குப் படம் போதும். சாலைக் குறியைத் திரையில் ஒரு தரம் பார்த்தால் டக்கென்று சொல்கிறாள். அனுஷாவுக்குப் படம் ஏறவில்லை. என் குரலைப் பதிவு செய்து கொடுத்தேன். இயர்போனை மாட்டிக்கொண்டு புடவை மடித்தாள், மாலையில் அப்படியே ஒப்பித்தாள் — என் மூக்கடைப்பு உட்பட!
சிவகாமியம்மாளுக்கு இரண்டும் சரிப்படவில்லை. "பாத்தாலும் நிக்கல்ல, கேட்டாலும் நிக்கல்ல. என்னைய விட்டுரு மக்களே."
விடுவதா?

9 ஜூன்
"ஆளுக்கொரு விதமா பண்ணிண்டிருந்தா எப்போ முடியும்? ஒண்ணு மதி, அதுவே போதும்" என்றார் ஹரி சார். நான் தலையாட்டவில்லை. ஆட்டினேனோ?

14 ஜூன்
கண்டுபிடித்துவிட்டேன்! எந்தப் புடவை எங்கே என்று கேட்டால் சிவகாமியம்மாளுக்குக் கைதான் முதலில் போகிறது. சொல் பிறகுதான் வருகிறது. கை! கையால் கற்கிறவர்!

19 ஜூன்
விளையாட்டாகச் செய்து கொண்டுபோனேன். திரையில் ஒரு குட்டி ஸ்கூட்டர். நான்கை அழுத்தினால் இடம், ஆறை அழுத்தினால் வலம். குறியை மதிக்காமல் போனால் வண்டி குப்புற விழும், போன் அதிரும். சிவகாமியம்மாள் நேராக ஒருவழிப்பாதையில் நுழைந்து விழுந்தார். "எம்மா!" என்று முழங்காலைத் தேய்த்தார் பாருங்கள் — கடையே சிரித்தது. துணி வாங்க வந்த ஒருவர் தண்ணீரோடு ஓடிவந்தார்.
அப்புறம் போனைத் திருப்பித் தரவே இல்லை.

27 ஜூன்
விளையாட்டை ஹரி சாரிடம் மறைக்க முடியவில்லை. ஐயோ, திட்டப் போறார்னு நெனச்சேன். போனை வாங்கினார். விழுந்தார். மறுபடியும் விழுந்தார். "இந்த வளைவுல ஏதோ தப்பிருக்கு." தப்பில்லை சார். கடைசியில், "சரி, மூணும் இருக்கட்டும்" என்றார்.

5 ஜூலை
கொட்டும் மழையில் பரீட்சை. பிரேமா பாஸ், அனுஷா பாஸ். அதிகாரி ஒரு குறியைக் காட்டினார். சிவகாமியம்மாள் வாயே திறக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு — அப்போது அவர் பெருவிரல் காற்றில் அசைந்தது. "வலத்தோட்டு திரும்பலாம் சாரே!"
பாஸ்! மழையிலேயே மூவரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

22 ஆகஸ்ட்
விழிஞ்ஞத்து ஐஸ் கம்பெனிக்கும் செய்கிறோம். அங்கே சுடலைமாடத்தி என்று ஒருத்தி, எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறாள். எதுவுமே ஏறவில்லை. ஹரி சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, அவளுக்கு எப்படி ஏறும்?"