பம்ப் ஓடும்போது மின்னிய எட்டு விளக்குகள்

என் ஆசை மச்சாள் வதனிக்கு,

உன் பெட்டி பழுதில்லையடி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைத்தால் எனக்குத் துணிவு போய்விடும்.

போன மாதம் வேலணைக்குப் போனேன். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. மாமி, உன் அம்மா, உன் அலுமாரியைத் திறந்து, "உந்தப் பெட்டியை நீயே கொண்டு போ பிள்ளை, எனக்கு விளங்காது" என்று தந்தா. உள்ளே எட்டுச் சின்ன மின்சுற்றுகள், எட்டுச் சிவப்பு விளக்குகள், ஒன்றையொன்று தொடுக்கும் வயர்கள். விரிவுரையாளர் என்று பெயர் எடுத்த எனக்கு அதைக் கையில் வாங்கவே கூசியது.

கம்பஸ் காலத்தில் ஆய்வுக்காக நீ அதைச் செய்து விளங்கப்படுத்தியது நினைவிருக்கிறதா? "அப்பான்ர தும்மல் மாதிரியடி. மூக்கு கொஞ்சம் அரிச்சால் ஒண்டுமில்லை. அளவு தாண்டினால் முழுத் தும்மல். பிறகு கொஞ்சநேரம் வராது." ஒவ்வொரு விளக்கும் அப்படித்தான். போதிய தூண்டல் கிடைத்தால் ஒருமுறை மின்னும், பக்கத்து விளக்கையும் கொஞ்சம் சீண்டும், பிறகு இளைப்பாறும்.

உன் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் எட்டும் சேர்ந்து ஒரே சீராக மின்னின. அந்தப் பம்பின் சுவிச்சில் பொறி பறக்கும், கரண்டுக்குள்ளும் சுற்றிவரக் காற்றிலும் கண்டபடி இரைச்சல் ஏறும். "அந்த இரைச்சல்தான் இதுகளை ஒழுங்காக்குது" என்று நீ துள்ளினாய். நான் சிரித்தேன். குழப்படியிலிருந்து ஒழுங்கு வருமா? பம்பின் தாளத்தைத்தான் உன் விளக்குகள் பிடிக்கின்றன என்று அடித்துச் சொன்னேன்.

என் பேச்சைக் கேட்டுத்தான் இரைச்சலே இல்லாத இடம் தேடி எழுவைதீவுக்குப் படகேறினோம். பற்றரியில் கொடுத்துப் பார்த்தோம். ஒரு விளக்குகூட மின்னவில்லை.

"பாத்தியே? பம்ப் இல்லாட்டி உன்ர பெட்டி செத்துப்போச்சு" என்றேன்.

திரும்பி வரும்போது கடல்நீர் படாமல் அதை நீ மடியில் பொத்திக்கொண்டு வந்தாய். அடுத்த கிழமை ஆய்வை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விட்டாய். நான் தடுத்தேனா? இல்லை.

இப்போது நானே இரைச்சலை அளந்து அளந்து கொடுத்தேன். குறைவாகக் கொடுத்தால் எப்போதாவது ஒரு மின்னல். மிகவும் கூட்டினால் எல்லாம் சிதறல். நடுவில் ஓர் அளவில், வதனி, எட்டும் சேர்ந்து மூன்று செக்கனுக்கு ஒருமுறை! எந்தப் பம்ப் அவ்வளவு மெதுவாக ஓடும்? அது உன் சுற்றுகள் இளைப்பாற எடுக்கும் நேரமடி. இரைச்சல் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். தாளம் அவற்றினுடையது. தொடுக்கும் வயர்களைக் கழற்றியபோது ஒவ்வொன்றும் தன்பாட்டில் போனது. எழுவைதீவில் அவை சாகவில்லை. சீண்ட ஆளில்லாமல் சும்மா இருந்தன.

நேற்று அதை மாமிக்குக் காட்டப் போனேன். மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா.

"அப்ப, என்ர பிள்ளை பிழை விடேல்லையோ?"

"இல்லை மாமி. நான்தான் பிழை விட்டனான்."

திட்டுவா என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விளக்குகளைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டா.

"இதை நீ அவளிட்டைச் சொன்னனியே?"

சொல்லவில்லை வதனி. நீ இருந்தபோது எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். என்னை மன்னித்துக்கொள்ளடி.

ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வரும். படகேறிப் போன அன்று நான் என்ன சொன்னேன், அது எவ்வளவு பிழை என்பதை என் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்வேன். மாமியும் சீண்ட ஆளில்லாமல் சும்மா இருந்துவிடக் கூடாது; அவவுக்கு இரைச்சல் குறையாமல் அடிக்கடி போய்வருவேன்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்த, உன்னைவிடப் பிந்தி விளங்கிய மச்சாள்,
கலா