கம்பிகளுக்குப் பின்னால் மலை

நங்கையா,

நேற்று கார்த்திகைத் தீபம். அந்தி மசங்குகிற நேரம், பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. குடோனில் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. காது அடைத்துப்போன மாதிரி ஓர் அமைதி. வெல்லப் பாகின் மணம் வாசல்வரை வந்தது. வாணலியை இறக்கி வைத்துவிட்டு, ஏற்றாத அகல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்பது உங்களுக்கு மட்டும்தான் விளங்கும்.

சப்-ஸ்டேஷன் முழுக்க இருண்டு கிடந்தது. அதற்குப் பின்னால், எத்தனையோ காலத்துக்குப் பிறகு, மலை முழு மலையாக நின்றது. உச்சியில் இன்னும் தீபம் ஏற்றவில்லை. காத்து நின்றேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, மாதக் கிருத்திகை தவறாமல் நீங்கள் அந்த மலை ஏறுவீர்கள். பிறகு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வாசலில் தெற்குப் பார்த்துக் கயிற்றுக்கட்டில் போடச் சொன்னீர்கள். விடிந்ததும் மலையைப் பார்த்து, விளங்குகிற ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வீர்கள். அதற்கு முன்னால் காபி வேண்டாம், பேச்சும் வேண்டாம். "நா ஏற முடியாட்டி என்ன அம்மணி, அவனைத்தான் பாக்க முடியுதே" என்பீர்கள். கார்த்திகையன்று மலைத் தீபம் கண்ட பிறகுதான் நம் வீட்டில் விளக்கு. விடிந்ததிலிருந்து நீங்கள் பச்சைத் தண்ணீரோடு இருப்பீர்கள். "தெரிஞ்சுது!" என்று நீங்கள் சொன்னதும்தான் நான் திரியைத் தொடுவேன்.

கரண்டுக்காகத் தவம் கிடந்த காலம் அது. பாதி நாள் தறி நிற்கும், வேலைக்கு வந்தவர்கள் படலோரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். சப்-ஸ்டேஷன் வரப்போகிறது என்றதும் உங்கள் தம்பி ஊரில் முதல் ஆளாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். அளக்க வந்த அதிகாரி உங்கள் கட்டிலுக்கு நேர் எதிரே முளைக்குச்சி அடித்தபோது நீங்கள் அவரைக் கூப்பிட்டீர்கள்.

"ஏனுங் சாமி, இங்க டவரு வந்தா மலை மறைஞ்சு போயிருமுங்களா?"

"அதெப்படிங்கம்மா மறையும்? வெறும் இரும்புச் சட்டம்தானே. ஊடால பார்த்தா எல்லாம் தெரியும்."

"ஜன்னல் கம்பியாட்டவா? அப்ப நா ஜெயிலுக்குள்ள இருக்கறனுங்களா, இல்ல முருகன் இருக்கறானுங்களா?"

குச்சி பிடித்திருந்த ஆட்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். உங்கள் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. எழுதிக் குடுத்து டவரை வேற பக்கம் போடச் சொல்றேன்" என்றார். "தறி ஓடட்டும் சாமி" என்றீர்கள். அதற்கு மேல் யாரும் உங்களைக் கேட்கவில்லை.

அதிகாரி பொய் சொல்லவில்லை. ஊடால எல்லாம் தெரிந்தது. ஆனால் மலை துண்டு துண்டாகத் தெரிந்தது. கோயில் ஒரு கட்டத்தில், படி வேறொரு கட்டத்தில், உச்சிக்குக் குறுக்கே ஆறு கம்பி. உங்கள் கட்டிலை நானும் உங்கள் தம்பியும் வாசல் முழுக்க இழுத்துப் பார்த்தோம். கடைசியில் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் போட்டால்தான் டவர் ஒதுங்கி வழிவிட்டது. சாணி நாற்றம், ஈ. "இங்கயே போடு அம்மணி. அவனுக்கு முன்னால எனக்கென்ன நாத்தம்?" என்றீர்கள். பெரிய வீட்டு அக்கா குப்பைமேட்டில் கிடக்கிறாள் என்று ஊரில் ஜாடை பேசினார்கள். எனக்குத்தான் மானம் போனது. நீங்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் ஸ்டேஷன் வளர்ந்தது. வேப்பமரங்கள் போய் ஜல்லி வந்தது, முள்வேலி வந்தது, ராப்பகலாக உறுமுகிற டிரான்ஸ்பார்மர்கள் வந்தன. பொழுது சாய்ந்தால் மலை இருக்கிற இடமே தெரியாதபடி விளக்குகள். விடியலில் மட்டும் கொஞ்ச நேரம் மலை உங்களுக்குக் கிடைத்தது.

உங்களுடைய கடைசிக் கார்த்திகையன்று நீங்கள் உச்சியிருக்கும் திக்கைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் பொட்டு அளவுக்குச் சிவப்பு. பிறகு மெல்ல மெல்லப் பற்றி எரிகிற மாதிரி மஞ்சளாக வளர்ந்தது. நானும் பார்த்தேன். திரியில் தீ ஏறுவது போலவேதான் இருந்தது. "தெரிஞ்சுது! தெரிஞ்சுது அம்மணி!" என்று கூவினீர்கள். வாசல் நிறைய விளக்கு வைத்தேன். நீங்கள் கையை நெஞ்சில் வைத்து அழுதீர்கள். பொரி உருண்டையைப் பிட்டு நானே உங்கள் வாயில் கொடுத்தேன்.

அப்போதுதான் இரவு வேலைக்கு வந்த தறிக்காரப் பெண் படலைத் திறந்தாள். "என்னங்கக்கா, அதுக்குள்ள வெளக்கு வெச்சுட்டீங்க? மலையில இன்னும் ஏத்தவே இல்லீங்களே. நா அந்த வழியாத்தான வாறேன்."

"அதா எரியுதே" என்று காட்டினேன்.

"அட, அது ஸ்டேஷன்ல உசரமாப் புதுக் கம்பம் போட்டாங்களே, அந்த லைட்டுங்கக்கா. இன்னிக்குத்தான் மொதல்ல போட்டிருக்காங்க."

வாயில் கிடந்த பொரியை நீங்கள் துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை. பிறகு, "கம்பத்தையா கும்பிட்டேன்?" என்றீர்கள், யாரிடமும் இல்லாமல். உண்மையான தீபம் அன்று எப்போது ஏற்றினார்களோ, அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நம் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"கட்டிலை உள்ள போட்ருங்க."

போட்டோம். சுவரைப் பார்த்துத் திருப்பச் சொன்னீர்கள். விடியலில் கிடைத்துவந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். கெஞ்சிப் பார்த்தேன். "என் கண்ணை இனி நம்ப மாட்டேன் அம்மணி" என்றீர்கள். பங்குனியில் சுவரைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தீர்கள். வாசலில் உங்களைக் கிடத்தியிருந்தபோது, பெட்ரோமாக்ஸ் கொண்டுவரவா என்று யாரோ கேட்டார்கள். தேவைப்படவில்லை. ஸ்டேஷன் விளக்கு உங்கள் முகத்தில் நன்றாகவே விழுந்தது.

உங்களுக்குத் தெரியும், உப்பு வாங்கினாலும் எழுதி வைக்கிறவள் நான். தறி இரட்டிப்பானது, பையன் படித்தது, மேல்மாடி கட்டியது, எல்லாம் அந்தக் கரண்டால் வந்த வரவுதான். இல்லை என்று சொன்னால் சாமி என் கண்ணைக் குத்தும். மலையை மட்டும் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று அகலோடு நின்றிருந்தேன். இருட்டில், மலைக்கு முன்னால், உங்கள் கட்டில் கிடந்த இடத்தில். 'முருகா, உன் தீபம் ஏறுகிறவரைக்கும் கரண்ட் வர வேண்டாம்' என்று வாய்விட்டே கேட்டேன். குடோனில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், உங்கள் தம்பி மின்வாரியத்தை வைது தீர்க்கிறார், நான் மட்டும் இப்படி.

உயரக் கம்பத்தில் பொட்டு அளவுக்குச் சிவந்தது. பிறகு மஞ்சளாக வளர்ந்தது. பின்னால் தறிகள் இரைய ஆரம்பித்தன. மலை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"ஏம் புள்ள, மணி ஆறரை ஆச்சு. ஏத்து" என்றார் உங்கள் தம்பி. நீங்கள் போனதிலிருந்து நம் வீட்டில் கடிகாரம் பார்த்துத்தான் விளக்கு. ஏற்றினேன். அடுப்படிக்குப் போய்ப் பொரி உருண்டையைப் பிட்டு வாயில் போட்டேன்.

கரண்ட் போனாலும் போகாவிட்டாலும், ஒவ்வொரு கார்த்திகைக்கும் இதே கதைதான், நங்கையா. அந்த முதல் வாய் மட்டும் உள்ளே இறங்குவதில்லை.