பியர் திருவிழாவில் ஒரு ஜேர்மன் சொல்

ஒக்டோபர் 3, செவ்வாய்

ஜேர்மன் பேச்சுப் பரீட்சையில் இரண்டாவது தடவையும் பெயில். வாசிப்பு, எழுத்து எல்லாம் பாஸ். வாயைத் திறந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பேச்சிலும் பாஸ் பண்ணாமல் ஜேர்மனியில் தாதிப் பயிற்சிக்கு எடுக்கமாட்டார்கள். நவம்பரில் இன்னொரு தடவை. அதற்கு மேல் என்னிடம் தெம்பில்லை.

ஹட்டனில் எனக்கு ஜேர்மன் சொல்லித்தரும் புனிதவதி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். "உமக்குப் பாஷை தெரியாமல் இல்லை சுலக்ஷனா, கூச்சம்தான். நுவரெலியா ஹோட்டல் ஒண்டில ஜேர்மன் பியர் திருவிழா நடக்குது. சனிக்கிழமை வாரும், ரெண்டு பேரும் போவம். ஜேர்மன்காரரோட நேரில கதைச்சுப் பாரும்" என்றார்.

பியர் திருவிழா! அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஒக்டோபர் 5, வியாழன்

சொல்லிவிட்டேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வந்து, எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று காலில் அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கிறதுக்குத் திருவிழாவா? அது நம்ம வீட்டுல தெனமும்தானே நடக்குது. அதப் பாக்க பஸ் ஏறிப் போகணுமா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே அப்பா, தவறணையில் குடித்துவிட்டு வந்தபடியே, செருப்போடு படுத்திருந்தார்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

நேற்றுப் போனோம்.

புல்வெளியில் பெரிய கூடாரம். எங்கே பார்த்தாலும் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி. தோல் அரைக்காற்சட்டை போட்ட கொழும்புப் பையன்கள் குளிரில் முழங்கால் நடுங்க டிரம்பெட் ஊதினார்கள். ஒருவர் மரச் சுத்தியலால் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கினார், பியர் சீறியது, எல்லோரும் கத்தினார்கள். கண்ணாடிக் குவளை ஒவ்வொன்றும் இரண்டு கை பிடிக்க வேண்டிய கனம். எனக்கு வாசனைதான் தாங்கவில்லை. அப்பாவின் சட்டை மாதிரி.

ஆண்களும் பெண்களும் உட்காரும் வாங்குமேல் ஏறி நின்று ஆடினார்கள். எங்கள் லயத்தில் குடித்தவன் ஒளிந்து வருவான், இல்லையென்றால் கத்திக்கொண்டு வருவான். குடித்தவர்கள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

எங்கள் மேசையில் வயதான ஜேர்மன் தம்பதி. அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். ஒரு சொல்கூட விளங்கவில்லை. இரண்டு வருசம் படித்து — ஒரு சொல்! டீச்சரைப் பார்த்தேன். "அவவின்ர ஊர்ப் பேச்சு. எனக்கும் விளங்கேல்லை" என்று காதுக்குள் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஜேர்மன் அம்மாவின் கணவர் போதை மிஞ்சி வாங்கிலிருந்து சரிந்து விழுந்தார். பரிமாறிய பையன்கள் தொடப் பயந்து நின்றார்கள். நான் யோசிக்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்து, அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகக் கேட்டார்: "இதை எங்கே படித்தாய்?"

அது விளங்கியது.

"வீட்டில்" என்றேன், ஜேர்மனில்.

"அப்பாவா?"

"ஆம்."

என் கையைப் பிடித்தார். விடவில்லை. அதற்குப் பிறகு எப்படிப் பேசினேனோ! அப்பா மாடு மேய்த்த கதை, நல்ல மனிதராக இருந்த கதை, அம்மா, லயம் — இலக்கணம் எல்லாம் பிழை. ஆனால் நாக்கு ஒட்டவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸில் டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "இப்பிடித்தான் பரீட்சையிலயும் கதைக்க வேணும்."

பரீட்சையில் இதையா கேட்பார்கள்? விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்பார்கள்.

ஒக்டோபர் 19, வியாழன்

அப்பா இரத்தமாக வாந்தி எடுத்தார். டிக்கோயா ஆஸ்பத்திரி.

ஒக்டோபர் 27, வெள்ளி

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். "இனி ஒரு சொட்டுக்கூட வேணாம்" என்று டாக்டர் சொன்னார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நம்பினேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பக்கத்து வீட்டுக் காம்பிராவில் யார் ஊற்றிக் கொடுத்தார்களோ. அப்பா வாசலில் கிடந்தார்.

நவம்பர் 14, செவ்வாய்

இன்று கொழும்பில் பரீட்சை. நான் மறுபடியும் டிக்கோயா வார்டில், அப்பாவின் வாய்க்கு நேரே வாந்திப் பேசினைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் திறந்ததும், "பரீட்சைக்குப் போகலியாம்மா?" என்று கேட்டார். என்னத்தச் சொல்ல, சொல்லுங்கப்பா?

நவம்பர் 22, புதன்

வீட்டுக்கு வந்தும் படுக்கையோடு கிடக்கிற அப்பாவைத் தனியே விட முடியாது. நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா வேலைக்குப் போகட்டும் என்றால், உடுப்பு மாற்ற அப்பா என்னை விடுவதில்லை. மகள் என்று வெட்கம். சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறார்.

மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா வந்தார். "வீட்டுல ஒருத்தராவது வேலைக்கு வரணும். இல்லாட்டி காம்பிராவ விடச் சொல்லுவாங்க. நான் என்ன செய்ய, நாகலெட்சுமி?"

அம்மா கொழுந்துக் கூடையை எடுத்துச் சுவரில் மாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

அப்பாவோடு அம்மா இருக்க, தோட்டத்து வேலைக்கு என் பேர் பதிந்தாயிற்று. இன்று முதல் நாள். செடி கிழிக்காமல் இருக்க அம்மா என் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டாள். முடிச்சை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

சாயந்தரம் டீச்சர் எனக்குப் போன் எடுத்தார். எப்படி இருக்கிறீர் என்று ஜேர்மனில் கேட்டார். விளங்கியது. பதிலும் தெரியும்.

"நல்லா இருக்கேங்க டீச்சர்" என்று தமிழில் சொன்னேன்.