மாடு வருது, பாத்துப் போங்கோ

இன்று விடிய, வேலியோரத்துப் பனையிலிருந்து இந்த வருடத்தின் முதற் பழம் விழுந்தது. சத்தம் கேட்டுப் போய் எடுத்துவந்து குசினி வாசலில் வைத்தேன். "பணியாரத்துக்கோ?" என்று கேட்டாள் மனைவி. "இல்லை, உடுப்புத் தோய்க்க" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். தோலை உரித்தபோது அந்தக் கனத்த இனிப்பு வாசம் முற்றம் முழுக்கப் பரவியது. அதோடு நீயும் வந்தாய், கடைக்குள் நிற்கிற மாதிரியே, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு.

நீ போய் ஒரு வருடமாகிறது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன் பழையதை எல்லாம் ஒருமுறை வரிசையாக எழுதவேண்டும்போல் இருக்கிறது. இப்போது ஊரில் ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்கிறார்கள். எல்லாக் கதையிலும் சொல்பவரே முன்னுக்கு நிற்கிறார். நீயும் நானும் மட்டும் இல்லை.

யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்து கொழும்புச் சவர்க்காரம் நின்றுபோன காலம். எங்கள் வீடுகள் இருக்கும் ஒழுங்கையின் தலைப்பில் வெறுமையாய்க் கிடந்த தன் சுருட்டுக் கொட்டிலில் முதலாளி சவர்க்காரம் காய்ச்சத் தொடங்கினார். எண்ணெய் கொடிகாமத்திலிருந்து வந்தது. கோஸ்டிக் சோடா எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மண்ணிறத்தில் நீட்டு நீட்டுக் கட்டிகள். கையை எரிக்கும், ஆனால் ஊத்தை போகும். ஊர் அவரைக் கொண்டாடியது. வாசிகசாலையில் மாலை போட்டார்கள். அவருடைய கட்டிகள் அதிகம் விற்றது சந்தியில் இருந்த உன் கடையில்தான். நீ அதைக் கம்பியால் அறுத்துக் கொடுக்கிற நேர்த்தியைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள்.

பிறகு ஒரு நாள், பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு செம்பை நீட்டினாய். உன் கடைக்குப் பின்னால் இருக்கிற பங்குக் கிணற்றுத் தண்ணீர். ஒழுங்கை முழுக்கக் குடித்தது அந்த ஒரு கிணற்றைத்தான். மற்றவை எல்லாம் உவர்.

"மச்சான், நீ கெமிஸ்ரி படிச்சனி. உதைப் பார். ரெண்டு கிழமையாத் தேத்தண்ணி கறுக்குது. கத்தரிக் கண்டு கருகுது."

மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்திருந்தது. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது. மறுநாள் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து சிவப்பு லிட்மஸ் தாள் கொண்டுவந்து நனைத்தேன். நீலமானது. உனக்கு விளங்கப்படுத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சவர்க்காரம் காய்ச்சி, உப்புப் போட்டுப் பிரித்தால், அடியில் காரத் தண்ணீர் மிஞ்சும். அதை முதலாளி கொட்டிலின் பின்னால் ஒரு கிடங்கில் ஊற்றுகிறார். எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது ஓட்டை விழுந்த சுண்ணாம்புக் கல். இங்கே ஊற்றியது அங்கே ஊறும்.

இருவரும் போய், அதை நிலத்தில் ஊற்றாமல் ஒரு தொட்டி கட்டித் தேக்கச் சொன்னோம். முதலாளி எங்களுக்குக் கதிரை போட்டார். பால் விடாத பிளேன்ரீ தந்தார்.

"மாஸ்டர், தடை போட்டு எங்களைச் சாகடிக்கப் பாக்கிறாங்கள். நான் சனத்துக்குச் சவுக்காரம் குடுக்கிறன். நீங்கள் கிணத்தைப் பற்றிக் கதைக்கிறியள்."

"சனம் தண்ணியும் குடிக்கிறதல்லோ, முதலாளி?" என்று கேட்டாய் நீ.

"தண்ணித் தொட்டி கட்டச் சொல்லுறியள். சீமெந்தும் தடை. எதாலை கட்டுறது? உம்மடை பனங்கட்டியாலையோ?" என்று சிரித்தார்.

அடுத்த கிழமை ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு கட்டி இலவசமாக வந்தது. எல்லோரும் வாங்கினார்கள். காலையில் கறுத்த தேநீரைக் குடித்துவிட்டு மாலையில் அதே கிணற்றடியில் அதே கட்டியைத் தேய்த்தார்கள். கேட்டால், "அது மழை பெஞ்சாச் சரியாப் போம், மாஸ்டர்" என்றார்கள். அந்த வீடுகளின் பெயர்களை என்னால் இன்றும் ஒழுங்காகச் சொல்ல முடியும். பிரதேசச் செயலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. ஆய்வுகூடப் பொருட்களை ஊர்ச் சண்டைக்குப் பாவிக்கக் கூடாது என்று பாடசாலை அதிபர் கூப்பிட்டுச் சொன்னார். உப அதிபர் பதவி எனக்கு வரவேண்டிய வருடம் அது. முதலாளியின் மச்சானுக்குப் போனது. நீ அதை மறந்துவிடச் சொன்னாய். மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

ஆனால் நீ செய்தது வேறு. ஒரு காலையில் உன் கடையில் சவர்க்காரக் கட்டி இல்லை. முதலாளியின் ஆள் கொண்டுவந்த பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாய். கட்டி இருந்த இடத்தில் பனம்பழங்களை அடுக்கியிருந்தாய். பால் வாங்க வந்த ஒரு மனிசி கத்தத் தொடங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

"உதென்ன விசர் வேலை? சவுக்காரம் எங்கை?"

"முடிஞ்சுது, அக்கா. பனங்காய் இருக்கு. காசு வேண்டாம், கொண்டு போங்கோ."

"நாங்கள் என்ன காட்டுச் சனமோ, பனங்காயிலை தோய்க்க?"

"தேத்தண்ணி கறுக்குது எண்டு நேற்று நீங்கள்தானே சொன்னனியள்?"

"கறுத்தா என்ன, குடிச்சுட்டுத்தானே இருக்கிறம்!"

அவள் பாலையும் வாங்காமல் போனாள். அவளோடு பலரும் போனார்கள். சந்திக்கு அப்பால் இருந்த கடையில் முதலாளியின் கட்டி கிடைத்தது. அரிசி, பருப்பு வாங்குவதையும் சனம் அங்கேயே மாற்றிக்கொண்டது. உன் கடையில் பிற்பகலில் ஈ கூடப் பறக்கவில்லை. கடை பூட்டவேண்டி வரும் என்று உன் மனைவி என்னிடம் வந்து அழுதாள். அதை உன்னிடம் சொன்னபோது நீ தராசைத் துடைத்துக்கொண்டே, "சவுக்காரம் விக்கிற கடை நூறு இருக்கலாம். கிணறு ஒண்டுதான்" என்றாய். பிறகு, "நீயும் பனங்காயிலை தோய், மச்சான். நான் தனியச் சிரிப்புக்கிடமாக ஏலாது" என்றாய்.

அப்படித்தான் நான், இரசாயனவியல் பட்டதாரி, கிணற்றடியில் குந்தியிருந்து பனம்பழத் தும்பால் சட்டை தோய்க்கத் தொடங்கினேன். நுரை வரும். ஊத்தையும் போகும். மெல்லிய மஞ்சள் சாயல் நிற்கும். வாசமும் நிற்கும், அதுதான் வில்லங்கம். பனம்பழ வாசத்துக்கு மாடுகள் உயிரை விடும். கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சட்டையின் ஒரு கையை அடுத்த வீட்டுப் பசு தின்றுவிட்டது. நீ உடுக்கிற சாரத்தில் ஒரு முழம் போனது. ஒழுங்கையில் நடந்தால் கட்டாக்காலி மாடுகள் பின்னால் வந்தன. ஊர் எங்களுக்கு 'பனங்காய்க் கோஷ்டி' என்று பெயர் வைத்தது.

ஒரு நாள் பாடசாலை வாசலில், பிள்ளைகள் எல்லோரும் நிற்க, முதலாளி தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "மாஸ்டர், பின்னாலை மாடு வருது, பாத்துப் போங்கோ!" என்றார். திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார். அந்த வருடம் முழுக்க நான் வகுப்புக்குள் போகும்போதெல்லாம் பின்வரிசை வாங்கில் யாரோ 'ம்பா' என்றார்கள்.

அன்று மாலை கடைக்கு வந்து, "இனி ஏலாது" என்றேன். நீ சொன்னது ஒரே வசனம். "அவன் பகிடி விடுறான் எண்டா, அவனுக்குப் பயம் பிடிச்சிட்டுது எண்டு அர்த்தம்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. கெதியில் வேறு சில வீடுகளில் இருந்தும் அந்த வாசம் வரத் தொடங்கியது. முதலில் குழந்தைப் பிள்ளை உள்ள வீடுகள். கறுத்த தேநீரைப் பெரியவர்கள் குடித்துவிடுவார்கள், பால் மாவை அந்தத் தண்ணீரில் கரைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. நீ பழங்களைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தாய். யார் யார் வாங்கினார்கள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் ஆவணித் திருவிழாவில் நான் அவ்வளவு வியந்திருக்க மாட்டேன்.

அன்று முதலாளியின் உபயம். மேளம், சாத்துப்படி, எல்லாம் அவர் செலவு. மேல் வெற்று, கரை போட்ட வேட்டி, இடுப்பில் சால்வை. அருச்சனைத் தட்டத்தோடு அவர் மனைவி பவளம் பக்கத்தில். நாங்கள் இருவரும் வெளி வீதியில், வேம்பின் கீழ், யாரும் பேச்சுக் கொடுக்காதவர்களாய் நின்றோம். கோயில் பசு வழக்கம்போல் வாழைப்பழத்துக்காகச் சுற்றிக்கொண்டு வந்தது. வாழைப்பழம் நீட்டியவர்களை எல்லாம் தாண்டி நேரே முதலாளிக்குப் பின்னால் போய் நின்றது. மோந்தது. அவருடைய சால்வை நுனியை வாயில் எடுத்தது. மெல்லத் தொடங்கியது.

மனிதர் மூக்குக்குத் தப்பிய வாசம் மாட்டின் மூக்குக்குத் தப்பவில்லை.

அவர் கும்பிட்டபடி நின்றார். சால்வையில் பாதி உள்ளே போன பிறகுதான் இடுப்பு இழுபட்டது. திரும்பிப் பார்த்துப் பதறி இழுத்தார். பசுவும் இழுத்தது. மேளகாரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் முதலாளி மனைவியிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"இதென்ன, பனங்காய் மணக்குது! ஆர் தோய்ச்சது?"

பவளம் தட்டத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"நான்தான். ஒரு மாதமாப் பனங்காயிலைதான் தோய்க்கிறன். நீங்கள் கவனிக்கேல்லை. உங்கடை சவுக்காரம் எங்கடை கிணத்துக்கை கிடக்கு. பேரப்பிள்ளைக்குப் பால் கரைக்க நான் அயலூருக்கெல்லோ ஆள் விட்டுத் தண்ணி எடுப்பிக்கிறன்."

அப்போதுதான், உன் கணீரென்ற கடைக்காரக் குரல் வேம்படியிலிருந்து எழுந்தது.

"முதலாளி, மாடு வருது, பாத்துப் போங்கோ!"

நான் வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை. வீதி முழுக்கச் சிரித்தது. இலவசக் கட்டி வாங்கிய அத்தனை வீடுகளும் சிரித்தன. அதிபரும் சிரித்தார். அந்த மனிதர் யார் விழுந்தாலும் சிரிப்பார்.

மறுநாள் காலை முதலாளி உன் கடை வாசலில் வந்து நின்றார். நீ கதிரை போட்டாய். பிளேன்ரீ கொடுத்தாய், வேண்டுமென்றே பங்குக் கிணற்றுத் தண்ணீரில். கறுத்திருந்த அதை அவர் பார்த்தார். குடிக்காமல் வைத்தார்.

"சரி. சீமெந்துக்கு என்ன செய்யிறது?"

"கோயில் மதில் சீமெந்திலையோ கட்டினது? சுண்ணாம்புச் சாந்து போடுவம்" என்றாய். தொட்டியில் சேருகிற காரத் தண்ணீரை ஊற்றி வீணாக்காமல் அடுத்த காய்ச்சலுக்குப் பாவிக்கலாம், சோடா மிச்சம் என்று நான் சொன்னேன். மிச்சம் என்றதும் அவர் முகம் தெளிந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கிணறு கெட்டபோது கலங்காத முகம்.

தொட்டி எழும்பியது. கிடங்கு மூடப்பட்டது. நீ கட்டியைத் திரும்ப விற்கத் தொடங்கினாய், சனமும் வெட்கம் கொஞ்சமும் இல்லாமல் திரும்பி வந்தது. கார்த்திகையிலும் மார்கழியிலும் நல்ல மழை. நான் கிழமைக்கொருமுறை தாளை நனைத்துப் பார்த்தேன். நீலம் வெளிறியது. பிறகு ஒரு காலை சிவப்பு சிவப்பாகவே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு உன் கடைக்கு ஓடினேன், இந்த வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. நீ தாளைப் பார்க்கவில்லை. வாளியை இறக்கி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தாய். "ஓம்" என்றாய். அவ்வளவுதான். அந்தத் தைப்பொங்கலுக்கு ஒழுங்கை முழுக்க அந்தத் தண்ணீரில் பொங்கியது.

பிறகு முதலாளி வாசலில் பெரிய பலகை ஒன்று எழும்பியது. 'ஊர்க் கிணறுகளைக் காக்கும் சவர்க்காரம்.' வாசிகசாலையில் மறுபடி மாலை. தொட்டி தன் யோசனை என்று மேடையில் பேசினார். அதிபர் கைதட்டினார். நான் போய்ப் பலகையைப் பிடுங்கப்போகிறேன் என்றபோது நீ என் கையைப் பிடித்தாய்.

"விடு மச்சான். பேர் அவன்ரை, தண்ணி எங்கடை."

போன வருடம் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனத்துக்கு எண்ணெய் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடலுக்குப் போகப் பாதையும் இல்லை. உன்னைக் குளிப்பாட்டியது பங்குக் கிணற்றுத் தண்ணீரில். அது தெளிந்திருந்தது. முதலாளி மாலையோடு வந்தார். நான் அவரோடு கதைக்கவில்லை.

இப்போது சேதி. வட்டுக்கோட்டைப் பக்கம் சவர்க்காரம் காய்ச்சுகிற இரண்டு பேர் போன கிழமை என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊரில் சனம் கட்டி வாங்க மறுக்கிறதாம். "தொட்டி இருக்கோ எண்டு கேக்குதுகள், மாஸ்டர். இல்லாட்டிப் பனங்காயிலை தோய்ப்பினமாம். எப்பிடிக் கட்டுறது எண்டு நீங்கள்தான் சொல்லித் தரவேணும்." முதலாளியிடம் கேட்கவில்லை. என்னிடம் வந்தார்கள். உன் கடைக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, படம் கீறிக் கொடுத்தேன்.

நான் யாரையும் மன்னிக்கவில்லை. முதலாளியை இல்லை, அதிபரை இல்லை, அந்த வீடுகளை இல்லை. மன்னிப்பு உன் வேலை, அதை நீ கொண்டுபோய்விட்டாய். என்னிடம் விட்டுப்போனது வேறு ஒன்று. ஒவ்வொரு வருடமும், வீட்டில் சவர்க்காரம் இருந்தாலும், முதற் பழத்தில் ஒரு சட்டை தோய்க்கிறேன். இன்றும் தோய்த்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு, பின்னேரம் அந்தப் பலகைக்கு முன்னால் மெதுவாக நடந்து போனேன். முதலாளி வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த சால்வையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டார்.

பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. நான் விரட்டவில்லை.