ஆறு பிஸ்டனும் ஒரு துவாலையும்

தூத்துக்குடி,
ஜூன் 17, புதன்கிழமை.

அன்பு மகள் ஜெப்ஸிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், என் இடது முழங்கால் மட்டும் தன்னைத் தனியாக விசாரிக்கச் சொல்கிறது. அயர்லாந்து மழைக்கும் குளிருக்கும் நடுவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பக்கத்துத் தெரு ஜெஸ்லின் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள் அல்லவா, அவள் பெட்டியில் நமக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறாள், கருப்பட்டியும் இட்லிப் பொடியும் உன் அம்மா செய்த மக்ரூனும் போக மிச்ச இடத்தில் இந்தக் கடிதம் வருகிறது. போனில் சொல்லலாமே என்பாய். சொல்லலாம், ஆனால் போன் என் கையில் இரண்டு நிமிடம் தங்குவதில்லை என்பது உனக்கே தெரியும். திங்கட்கிழமை உன் அம்மா துவாலைக் கதையில் பாதியைச் சொல்லி மீதியைச் சிரித்தே முடித்துவிட்டாள், நீயும் என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தாய். அதனால் என் பக்கத்து நியாயத்தையும் எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் முப்பத்திரண்டு மார்க் வாங்கியவன் எழுதுவது, அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

கீழவைப்பார் அம்புரோஸை உனக்கு நினைவிருக்கும், உன் கல்யாணத்துக்கு ஒரு கூடை சிங்கி இறால் கொண்டுவந்து அது மண்டபத்துக்குள் ஊர்ந்து பிள்ளைகளை ஓட விட்டானே, அவன்தான். அவனுடைய விசைப்படகின் எஞ்சின் போன டிசம்பரில் நடுக்கடலில் இறுகி நின்றுபோனது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து படகு துறைமுகத்தில் சும்மா கிடக்கிறது, அதில் வேலை பார்த்த ஏழு பேரும் வேறு வேறு படகுகளுக்குப் போய்விட்டார்கள். படகை ஓட்டுகிற மந்திரமூர்த்தி மட்டும் அம்புரோஸிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகிற முதல் நாள் உன் படகு போனால் ஆட்களை நான் திரும்பக் கூட்டி வருகிறேன், அன்று போகாவிட்டால் இந்த வருஷம் முழுக்க எங்களை எதிர்பார்க்காதே என்று. ஏப்ரல் பதினைந்தில் தடை தொடங்கியதுமே அம்புரோஸ் நம் எஞ்சின் பட்டறைக்கு என்னிடம் வந்து, அண்ணாச்சி, ஜூன் பதினஞ்சு காலையில என் போட்டு தொறய விட்டுப் போவணும், இல்லன்னா நான் வலையை வித்துட்டு வீட்டுல ஒக்கார வேண்டியதுதான் என்றான். நான் நெஞ்சில் கை வைத்து, பதினைந்தாம் தேதி என்ன, பத்தாம் தேதியே ஓடும் என்றேன். இப்படி முன்பின் யோசிக்காமல் வாயை விடுவது உன் தாத்தா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து.

பழைய மாடல் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதற்குக் கம்பெனி பிஸ்டன் வருவது நின்று பல வருஷமாகிறது. வெளிக் கம்பெனிக்காரர்கள் செய்கிற பிஸ்டன்தான் கிடைத்தது, அதிலும் கடையில் ஒரே பெட்டியாக ஆறு இல்லை. மூன்று மூன்றாக இரண்டு பெட்டி கொடுத்தார்கள். மேலே அச்சிட்ட நம்பர் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், ஆனால் கையில் தூக்கியபோதே ஒரு பெட்டிச் சாமான் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பிஸ்டனைத் தாங்குவது கனெக்டிங் ராடு, இரண்டையும் கோத்து வைத்திருப்பது பிஸ்டன் பின். இந்த மூன்றும் சேர்ந்த கனம் ஆறு சிலிண்டரிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சப்பரம் தூக்கும்போது மூன்று பேர் தோள் உயர்ந்தும் மூன்று பேர் தோள் தாழ்ந்தும் இருந்தால் மேலே இருக்கிறவர் கதி என்ன? எஞ்சினும் அப்படித்தான் உதறும். நாள்பட உதறினால் போல்ட்டு தளரும், பேரிங் போகும், கடைசியில் ராடு எஞ்சின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கும். அது கரையில் நடந்தால் செலவு, கடலில் நடந்தால் வேறு.

நம் பட்டறையில் கிராம் காட்டுகிற தராசு இல்லை. ஆனால் வீட்டில் இருக்கிறதே! கேக்குக்கு மாவு நிறுக்க நீ உன் அம்மாவுக்கு அனுப்பினாய் பார், அந்தக் கண்ணாடித் தராசு. சாமான் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தராசின் பொத்தானை அமுக்கினேன். என் தராசில் எண்ணெய் படக்கூடாது என்று உன் அம்மா சட்டம் போட்டு, நாலாய் மடித்த தேங்காய்ப்பூத் துவாலை ஒன்றை அதன் மேல் விரித்தாள். ஆறு பிஸ்டனையும் பின்னோடு சேர்த்து நிறுத்தேன், இரண்டாவது பெட்டி மூன்றும் ஐம்பது கிராமுக்கு மேல் அதிகம். பிறகு ராடுகள். ஆறுக்கும் குழப்பம் வராமல் இருக்க பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான், பிலிப்பு, தோமா என்று சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தேன். அதைப் பார்த்த அம்புரோஸ், ஏன் அண்ணாச்சி, எங்க அந்தோனியாருக்கு ஒரு சிலிண்டர் கூடவா கிடைக்கல என்று வருத்தப்பட்டான். யாக்கோபு வரை நிறுத்து முடித்தபோது உன் அம்மா ஜெபத்துக்குக் கூப்பிட்டாள். அவள் ஜெபம் எவ்வளவு நீளம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், உலகத்தில் யாரையும் விடமாட்டாள், அன்று தராசுக்கே தூக்கம் வந்து அணைந்துவிட்டது. எழுந்து வந்து, துவாலை மேலேயே இருக்க, பொத்தானை அமுக்கி யோவானையும் பிலிப்பையும் தோமாவையும் நிறுத்தேன். என்ன அதிசயம், இந்த மூன்றும் முதல் மூன்றைவிட ஐம்பத்தெட்டு கிராம் குறைவு. கனமான பிஸ்டன் மூன்று, லேசான ராடு மூன்று! ஜோடி சேர்த்தால் எல்லாம் ஒன்றுபோல் வந்துவிட்டது. இது கர்த்தர் செய்த காரியம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் பெயரை வீணாக எடுத்ததற்கு அனுபவித்தேன்.

எஞ்சினைப் பூட்டி ஜூன் ஒன்பதாம் தேதி படகில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. உதறல் இருக்கிறதா என்று பார்க்க நான் வழக்கம்போல எஞ்சின் தலையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன், அது நிற்கவில்லை. மறுபடியும் நிறுத்தினேன், உருண்டு ஓடியது. காத்து அடிக்கில்லா அண்ணாச்சி என்று அம்புரோஸே எனக்குச் சமாதானம் சொன்னான். நானும் எஞ்சின் உட்கார்ந்திருக்கிற ரப்பரை முறைத்துப் பார்த்துவிட்டு, புது எஞ்சின் அப்படித்தான், ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்றேன். மெக்கானிக் யாராவது உன்னிடம் இப்படிச் சொன்னால் நம்பாதே. காரணம் தெரியாதபோது நாங்கள் சொல்வது அது. அம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் உன் அம்மா மக்ரூனுக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள், நான் டீயோடு பக்கத்தில் நின்றேன். சீனி போடுகிற வெறும் ஏனத்தைத் தராசில் வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள், அது சுழியம் காட்டியது. ஏனம் கனமாச்சே, ஏன் காட்டவில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். ஏங்க, மேல ஒண்ண வச்சிட்டு ஆன் பண்ணுனா அதக் கணக்குல சேக்காது, ஆன் பண்ணிட்டு வச்சா சேத்துக்கிடும், இது கூடத் தெரியாமலா அன்னைக்கு இரும்ப நிறுத்திய என்றாள். டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. துவாலையைத் தேடி எடுத்து நிறுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு கிராம். முதல் மூன்று ராடுக்கும் துவாலையின் கனம் சேர்ந்திருக்கிறது, ஜெபத்துக்குப் பிறகு நிறுத்த மூன்றுக்கும் சேரவில்லை. ராடுகள் ஆறும் முதலிலிருந்தே ஒன்றுபோல்தான் இருந்திருக்கின்றன. லேசான ராடு என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. நான் கனமான பிஸ்டன் மூன்றையும் அப்படியே மாட்டிவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நல்லவேளை பெயர் வைக்கும்போது யூதாஸை விட்டுவிட்டேன், அவன் வேலையை நானே பார்த்துவிட்டேனே.

மகளே, இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எஞ்சின் ஓடுகிறது, அம்புரோஸ் சந்தோஷமாக இருக்கிறான், துவாலை விஷயம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு சீசன் தாங்கினாலும் தாங்கும். சொன்னால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், நடுவில் இருப்பது மூன்றே நாள், அதிலும் ஒன்று ஞாயிறு. முதல் நாள் தவறினால் ஆட்கள் போய்விடுவார்கள். உன் அம்மா தராசைத் துடைத்து அதன் அட்டைப் பெட்டியில் வைத்தாள், நாளைக்குத் துறைமுகத்துக்கு நானும் வாரேன், நீங்க இனி இதத் தொட வேண்டாம் என்றாள். போவது என்று அவள் முடிவு செய்த பிறகு நான் யார்?

வெள்ளி காலையில் அம்புரோஸும் மந்திரமூர்த்தியும் ஆட்களும் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அம்புரோஸ் வலைமேல் உட்கார்ந்துவிட்டான். மந்திரமூர்த்தி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மந்திரமூர்த்தி பீடியை அணைத்துவிட்டு எல்லோரையும் பார்த்து, கடலுக்குப் போறது நாங்க, அண்ணாச்சி இல்ல, பேசாம பிரிங்க, ஆளுக்கொரு ஸ்பேனரு தாங்க என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, அண்ணாச்சி, இனிமே ஒண்ணு நிறுங்க, இல்லன்னா ஜெபம் பண்ணுங்க, ரெண்டயும் கலக்காதிய என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அம்புரோஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலைக்குள் ஆறு பிஸ்டனும் வெளியே வந்துவிட்டன. படகு ஆடுகிற ஆட்டத்தில் தராசு நிலைகொள்ளவில்லை, கரையில் மீன் ஏலம் விடுகிற மேடையைக் கழுவி அதில் உன் அம்மா உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியும் கைப்பையுமாகப் பரீட்சை நடத்துகிற டீச்சர் மாதிரி இருந்தாள், பொத்தானை அவள்தான் அமுக்கினாள். நான் பிஸ்டனைப் பின்னோடு நீட்டினேன், வாங்கவில்லை. ரெண்டையும் சேத்து வச்சா எதுல கனம்னு எப்படித் தெரியும், முந்திரி தனி, சீனி தனி என்றாள். நாற்பது வருஷ மெக்கானிக்குக்குத் தோன்றாதது அது. ஒரே பொட்டலத்தில் வந்ததால் நான் பிரித்து நிறுக்கவே இல்லை. நிறுத்தால், கனமான பெட்டியில் பிஸ்டனும் கனம், பின்னும் கனம், கூடுதல் எடை இரண்டுக்கும் ஏறத்தாழப் பாதிப் பாதி. பின்னின் வெளி அளவும் நீளமும் ஒன்றுதான், உள் துளைதான் சிறிதாக இருந்தது. கனமான பிஸ்டனுக்கு லேசான பின், லேசான பிஸ்டனுக்குக் கனமான பின் என்று மாற்றிப் போட்டோம், ஆறும் மூன்று கிராமுக்குள் வந்து நின்றன. எண்ணெய் தடவிக் கட்டைவிரலால் தள்ளினால் பின் ராடுக்குள் போக வேண்டும், தானாக விழவும் கூடாது, சுத்தியல் கேட்கவும் கூடாது, மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல மெல்ல நுழைய வேண்டும். ஐந்து அப்படி நுழைந்தன, பிலிப்பு மட்டும் முரண்டு பிடித்தான், சனிக்கிழமை காலை அவனை லேத்துப் பட்டறைக்குத் தூக்கிப் போய்ப் பின் நுழைகிற புஷ்ஷை உள்ளே ஒரு இம்மி தேய்த்து வந்தேன். சனி முழுக்கப் பூட்டினோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன். ஓட்டிப் பார்த்தபோது மந்திரமூர்த்தி நாணயத்தை வைத்தான், நின்றது. அப்போதும் அம்புரோஸ் என்னோடு பேசவில்லை.

திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு மற்றப் படகுகளோடு அவன் படகும் போயிற்று. நான் பட்டறைக்குப் போனேன், ஒரு வேலையும் ஓடவில்லை, போன் அடிக்கும்போதெல்லாம் ராடு ஒடிந்த சத்தம்தான் காதில் கேட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே துறைமுகத்துக்குப் போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு படகாக வந்தது. அவன் படகை யாரும் கட்டி இழுக்கவில்லை, தானாகவே வந்தது. அம்புரோஸ் கரையில் குதித்ததும் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தான். கணவாய் இன்றைக்கு எவ்வளவு பட்டது, நண்டு ஏன் படவில்லை, ஐஸ் போதவில்லை, வலை ஒரு இடத்தில் பாறையில் சிக்கியது, மந்திரமூர்த்தி சோற்றில் உப்பே போடவில்லை என்று அரை மணி நேரம் விடாமல் பேசினான். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒன்று படகில் இருந்ததே அவனுக்கு மறந்துபோயிருந்தது. வீடு வரைக்கும் நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன், ஸ்டார்ட் பண்ண மறந்து.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நன்மையும் பெற்று நீடூழி வாழக் கர்த்தர் உங்கள் கையைப் பிடித்து நடத்துவாராக. டியூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. காரில் ஆயில் பார்க்கும் நாள் தாண்டிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். ஜெஸ்லினிடம் பொட்டலத்தை வாங்கியதும் போன் பண்ணு, முதலில் என்னிடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ஏசுவடியான்

இதை வாசித்துப் பார்த்தேன், துவாலையின் எடை ஐம்பத்தொன்பது.
அம்மா, ஜெபசெல்வி